அடுப்பு ஆஃப், ஓகே

1

ஜெர்மனியில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தால், சமையலறை என்ற பெயரில் பெரும்பாலும் நான்கு சுவரும் ஒரு குழாய் முனையும்தான் கிடைக்கும். பாத்திரம் கழுவும் தொட்டிகூட இருக்காது. முன்பு குடியிருந்தவர் அலமாரி, தொட்டி, அடுப்பு என்று எல்லாவற்றையும் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருப்பார். இதை ஊரில் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. "கதவையாவது வுட்டுட்டுப் போவாங்களா மாமா?" என்று என் மைத்துனன் வெங்கடேசன் கேட்டான்.

இத்தனை வருடமும் எங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. பழைய வீட்டில் எங்களுக்கு முன் இருந்த கிழவர் தன் சமையலறையை அப்படியே எங்களிடம் விட்டுவிட்டுப் போனார். இப்போது தரைத்தளத்தில் வேறொரு வீடு கிடைத்திருக்கிறது. அங்கே நான்கு சுவரும் ஒரு குழாய் முனையும். எனவே அடுப்பு வாங்க வேண்டும். கேஸ் இணைப்பு கிடையாது. இருப்பது இரண்டே வழி: கண்ணாடிக்கு அடியில் கம்பி பழுத்துச் சிவக்கிற செராமிக் அடுப்பு, அல்லது பாத்திரத்தை மட்டும் சூடாக்குகிற இண்டக்‌ஷன் அடுப்பு. கேட்டால் தேநீர் குடிக்கிற நேரத்தில் முடிந்துவிடக்கூடிய பேச்சு போலத் தெரியும். எங்கள் வீட்டில் அது பல மாதம் ஓடியது.

காரணம் என் மனைவி அமுதா. அவளுக்குக் கண் பார்வை போய்க்கொண்டிருக்கிறது. இதைச் சொல்லி அழ வேண்டிய அளவுக்கு இருவரும் அழுது முடித்துவிட்டோம். ஆகவே நேராகவே எழுதுகிறேன். விழித்திரை ஓரங்களிலிருந்து தேய்ந்துகொண்டே வருகிற நோய் அது. இன்று அவளுக்குத் தெரிவது ஒரு வளையலைக் கண் முன்னால் பிடித்து அதற்குள் பார்த்தால் தெரிகிற அளவு. வளையலுக்குள் இருப்பது தெளிவாகத் தெரியும். வெளியே இருப்பது இல்லவே இல்லை. அந்த வளையல் இன்னும் சிறுத்துக்கொண்டே போகும் என்றும், எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது என்றும் மருத்துவர் சொன்னார்.

புது வீட்டுச் சாவி கைக்கு வந்த அன்று அமுதா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அலமாரி இன்னா கலர்ல வேணா வாங்குங்க. ஆனா அடுப்பு மட்டும், என் கண்ணு முழுசா போனப்புறமும் நான் தனியா நின்னு சமைக்கிற அடுப்பா இருக்கணும். என் கையில கரண்டிய வாங்கிகினு, போய் சோபால உக்காருன்னு யாரும் சொல்லக் கூடாது."

சரி என்றேன். சொல்வதற்கு எளிதாக இருந்தது.

2

அமுதாவைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் ஒரகடத்தில்தான் ஆரம்பிக்க வேண்டும். கார்களுக்குள் ஓடுகிற ஒயர் கட்டுகளைச் செய்யும் ஒரு ஜப்பான்காரத் தொழிற்சாலையில் அவள் லைனில் இருந்தாள். நான் அங்கே மெயின்டனன்ஸ். அவள் பிள்ளைப்பாக்கத்துப் பெண், அப்பாவுக்கு நிலம் இருந்தது. நான் சங்கரன்கோவில் பக்கத்துக்காரன். டிப்ளமோவைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, மண்ணூரில் ஓர் அறையில் ஆறு பேரோடு பாய் விரித்தவன்.

அந்தத் தொழிற்சாலையில் சேர்ந்த முதல் நாளே ஒரு பழக்கத்தைக் கற்றுக் கொடுப்பார்கள். எதைச் சரிபார்த்தாலும் அதை விரலால் சுட்டிக் காட்டி, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "ஸ்விட்ச் ஆஃப், ஓகே!" "மெஷின் கதவு மூடியாச்சு, ஓகே!" மனதுக்குள் சொன்னால் கணக்கில் சேராது. பக்கத்து லைனுக்குக் கேட்க வேண்டும். விரல் நீட்டுவதும் குரல் கொடுப்பதும் சேர்ந்தால் மனம் வேறெங்கும் போகாது என்பது ஜப்பான்காரர்களின் நம்பிக்கை. ஆண்கள் நாங்கள் சூப்பர்வைசர் வரும்போது மட்டும் சுட்டுவோம். பெண்களில் பலர் வெட்கப்பட்டுக்கொண்டு முணுமுணுப்பார்கள். அமுதா ஒருத்திதான் அதை முழு மனதோடு எடுத்துக்கொண்டாள். லைனோடு விடவில்லை, வெளியிலும் செய்தாள்.

கம்பெனி பஸ்ஸில் அவளை முதலில் கவனித்தது அதனால்தான். பிள்ளைப்பாக்கம் நிறுத்தம் வந்ததும் எழுந்து, தன் இருக்கையைத் திரும்பிப் பார்த்து விரல் நீட்டினாள். "பையி, ஐடி கார்டு, கொட. ஓகே!" பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்த வேகத்தில் என் குடையை பஸ்ஸிலேயே விட்டுவிட்டு, கொட்டுகிற மழையில் நனைந்துகொண்டே அறைக்குப் போய்ச் சேர்ந்தேன். இவளைக் கட்டிக்கொண்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்று அன்றைக்கே தோன்றியது.

லைனில் அவள் வேலை, பலகையில் மாட்டிய கனெக்டரில் ஒயர் முனையைச் செருகுவது. அதற்கும் ஒரு முறை உண்டு. தள்ள வேண்டும், கிளிக் என்ற சத்தம் கேட்க வேண்டும், பிறகு லேசாக இழுத்துப் பார்க்க வேண்டும். "தள்ளு, கேளு, இழு" என்று பயிற்சிக் கூடத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போலச் சொல்ல வைப்பார்கள். அமுதாவின் கை பட்ட வேலை குறை என்று திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

கல்யாணம் ஆனது, மகள் பிறந்தாள். எனக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்து மூவரும் இங்கே வந்தோம். அமுதாவின் விரலும் கூடவே வந்தது. கதவைப் பூட்டினால் "பூட்டு, ஓகே." டிராமில் ஏறுமுன் "டிக்கெட், ஓகே." சமைத்து முடித்தால் அடுப்பைச் சுட்டி, "அடுப்பு ஆஃப், ஓகே!"

எங்கள் மகள் தாரிணி சிறுமியாக இருந்தவரை அம்மாவோடு சேர்ந்து அவளும் விரல் நீட்டுவாள். பெரிய பள்ளிக்குப் போனதும் நின்றது. ஒரு நாள் அவள் தோழிகள் இருவர் வீட்டுக்கு வந்திருந்தபோது, அமுதா அடுப்பை அணைத்துவிட்டுத் தன் வழக்கப்படி உரக்கச் சொன்னாள். தோழிகள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். தாரிணி முகம் சிவந்து, ஜெர்மனில் "அம்மா, தயவுசெய்து" என்றாள். அதற்குப் பிறகு தெருவில் எங்களோடு நடக்கும்போது நாலடி முன்னால் போக ஆரம்பித்தாள். நாங்கள் தமிழில் கேட்பதற்கு ஜெர்மனில் பதில் சொல்வது ஏற்கெனவே பழகிவிட்டிருந்தது. அமுதா இதற்கெல்லாம் வருந்துகிறவள் இல்லை. "அவ வயசுல எங்க அம்மா என்னோட பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாலே எனக்கு மானம் போவும்" என்று சொல்லிவிட்டு ரசத்துக்குப் புளி கரைக்கப் போய்விட்டாள்.

3

பழைய வீட்டில் இருந்தது செராமிக் அடுப்பு. அதில் ஒரு வசதி, எந்தப் பாத்திரத்தையும் வைக்கலாம். ஒரு வில்லங்கமும் உண்டு. அணைத்த கொஞ்ச நேரத்தில் சிவப்பு மறைந்து கண்ணாடி பழையபடி கறுப்பாகிவிடும், ஆனால் சூடு மட்டும் நெடுநேரம் இருக்கும். சூடு இருக்கிறது என்று எச்சரிக்க மூலையில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரியும். அந்த மூலை அமுதாவின் வளையலுக்கு வெளியே இருந்தது.

அந்த வீட்டில் ஒரு நாள் அவள் குழம்பை இறக்கி வைத்தாள். குமிழைத் திருப்பினாள். விரல் நீட்டி, "அடுப்பு ஆஃப், ஓகே!" என்றாள். பிறகு சிந்தியதைத் துடைப்பதற்காக இடது உள்ளங்கையை அடுப்பின் மேல் ஊன்றினாள்.

நான் கூடத்தில் இருந்து ஓடினேன். குழாய்த் தண்ணீரில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். தாரிணி பயந்துபோய் மருந்துப் பெட்டியைத் தலைகீழாகக் கொட்டித் தேடிக்கொண்டிருந்தாள். அமுதா வலிக்கிறது என்று சொல்லவே இல்லை. அவள் கேட்டது வேறு.

"நான் ஓகே சொன்னேன் இல்ல?"

"சொன்ன புள்ள. கேட்டுச்சு."

"ஆஃப்ல தானே இருந்துது?"

"ஆஃப்தான். சூடு போகல, அவ்வளவுதான். நீ கையக் காட்டு."

"அப்போ நான் சொன்ன ஓகே பொய்யி."

எங்களைப் போல அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களுக்கு மட்டும்தான் இப்படி ஒரு தவறு நேரும். பழக்கமில்லாத ஒருவர் அடுப்பை அணைத்துவிட்டு, சுடுமோ என்று ஒரு சந்தேகத்தோடு கையைக் கொண்டு போயிருப்பார். நாங்கள் ஓகே என்று சொல்லிவிட்டால் அந்தச் சந்தேகத்தை மூடி வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். அதற்காகத்தானே அந்தப் பழக்கம். கேஸ் அடுப்பில் ஆஃப் என்றால் நெருப்பு போய்விட்டது என்று அர்த்தம். இந்தக் கண்ணாடி அடுப்பில் அப்படி இல்லை. அவள் பார்த்துச் சொன்னது குமிழை. கையைச் சுட்டது கண்ணாடி.

கொப்புளம் ஆறியது. ஆனால் அமுதா விரல் நீட்டுவதை நிறுத்திவிட்டாள். கதவை மௌனமாகப் பூட்டினாள். அடுப்பை அணைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நின்றாள், அணைந்ததா என்று குனிந்து குனிந்து பார்த்தாள், திரும்பி வந்து மறுபடியும் பார்த்தாள். வீடு ஊமையாகிவிட்டதுபோல் இருந்தது. அதை முதலில் கவனித்துச் சொன்னது தாரிணிதான்.

"அப்பா, அம்மா ஏன் இப்போ சொல்றதே இல்ல?" என்று கேட்டாள். தமிழிலேயே கேட்டாள்.

4

சமையலறை விற்கிற கடைக்கு மூவரும் போனோம். இந்த ஊரில் அடுப்பு என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு என் பழைய கூத்து நினைவு வரும். ஜெர்மனில் அடுப்புக்கும் இதயத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரியான சொல். வந்த புதிதில், அந்தக் கிழவரின் வீடு அமையுமுன், ஒரு கடையில், என் மனைவிக்கு நான்கு தட்டு வைத்த இதயம் வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். அந்தக் கடைக்காரர் சிரிக்காமல், எத்தனை அகலத்தில் என்று கேட்டார்.

இங்கே இருந்த விற்பனையாளர் இளைஞர், பொறுமைசாலி. செராமிக் விலை குறைவு, பாத்திரம் மாற்ற வேண்டியதில்லை என்றார். இண்டக்‌ஷன் வேகமானது, பாத்திரத்தை எடுத்ததும் சூடேற்றுவது நின்றுவிடும், பாத்திரம் ஏற்றிவிட்ட சூடு மட்டும் கண்ணாடியில் கொஞ்ச நேரம் இருக்கும், ஆனால் காந்தம் ஒட்டுகிற பாத்திரம்தான் வேண்டும் என்றார். எனக்கு மனம் இண்டக்‌ஷன் பக்கம் சாய்ந்தது. அமுதா அதன் அருகே போய்க் கையால் தடவினாள். வழவழவென்று ஒரே கண்ணாடி. எந்த இடத்தில் தொட்டால் எரியும், எந்த இடத்தில் தொட்டால் அணையும் என்பதற்கு விரலுக்கு ஒரு துப்பும் இல்லை. தெரியாமல் இரண்டு இடத்தில் தொட்டாள். அடுப்பு கீச் கீச் என்று கத்தியது. அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"இத்த கண்ணு இருக்கறவங்களுக்குப் பண்ணியிருக்காங்க" என்றாள்.

குமிழ் வைத்தது இருக்கிறதா என்று கேட்டேன். இப்போதெல்லாம் யாரும் கேட்பதில்லை, கண்ணாடி மேல்தான் எல்லாம் என்றார் அவர். கைப்பேசியில் இருந்து இயக்கலாம், அதனிடம் பேசலாம் என்றார். அவர் தனக்குத் தெரிந்த உதவியைத்தான் சொன்னார்.

அப்போது தாரிணி அவரிடம் வேகமாக ஜெர்மனில் ஏதோ பேசினாள். எனக்குப் புரிந்தது. விலை குறைவான செராமிக்கே போதும், அம்மா எப்படியும் இனிமேல் தனியாகச் சமைக்கப் போவதில்லை, அப்பாதான் சமைப்பார் என்று சொன்னாள். அவள் குரலில் அலட்சியம் இல்லை, பயம்தான் இருந்தது. அந்தக் கொப்புளத்தைப் பார்த்த பிள்ளை. அவள் பேசியதில் பாதி அமுதாவுக்குப் புரிந்திருக்காது. ஆனால் 'தனியாக' என்ற சொல் புரிந்துவிட்டது. இந்த நாட்டில் முதல் வருடம் அவள் அதிகம் சொன்ன சொல் அதுதான்.

டிராமில் வரும்போது அமுதா என்னிடம் மெல்லக் கேட்டாள். "நீங்களும் அப்படித்தான் நெனைக்கறீங்களா?"

இல்லை என்றேன். ஆனால் சொல்வதற்கு ஒரு நொடி தாமதித்துவிட்டேன். காது கூர்மையான பெண், அந்த நொடி அவளுக்குக் கேட்டிருக்கும்.

5

பள்ளி விடுமுறைக்கு அமுதாவின் ஊருக்குப் போனோம். பிள்ளைப்பாக்கம் இப்போது ஒவ்வொரு முறை போகும்போதும் வளர்ந்திருக்கிற ஊர். நெல் விளைந்த இடத்தில் நீல நிறக் கொட்டகைகள். வெங்கடேசன் ஒரு கம்பெனியில் ஷிப்ட் பார்த்துக்கொண்டே மிச்சமிருக்கிற நிலத்தில் பயிரும் வைக்கிறான். வீட்டைப் புதிதாகக் கட்டியிருக்கிறான். அவன் மனைவி பத்மாவின் சமையலறையில் மேடை மேல் கேஸ் அடுப்பு, அதன் பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூர் கடையில் வாங்கிய சின்ன இண்டக்‌ஷன் அடுப்பு. சிலிண்டர் தீர்ந்துவிட்டால் கைகொடுக்க அது.

மறுநாள் மதியம் ஜெயந்தி வந்தாள். அமுதாவோடு ஒரே லைனில் நின்றவள், இப்போது அங்கேயே லைன் லீடர். முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் இருந்து இறங்கி, சீருடையோடு நேரே வீட்டுக்கு வந்துவிட்டாள். அமுதாவின் கண் பற்றி அவளுக்குத் தெரியும். மற்றவர்கள் அதைப் பேசாமல் பூசி மெழுகுவார்கள். ஜெயந்தி எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து நேரடியாகக் கேட்டாள்.

"இப்போ நான் எவ்ளோ தெரியறேன்?"

"மூஞ்சி தெரியுது. காது தெரியல."

"அடப்பாவி! புதுக் கம்மல் போட்டுகினு வந்தேன். வேஸ்ட்டா?"

"கிட்ட வாடி, பாக்கறேன்." அமுதா அவள் தலையை இரண்டு கையாலும் பிடித்து, வளையலுக்குள் கம்மலைக் கொண்டுவந்து பார்த்தாள். "நல்லா கீது."

பிறகு அடுப்புக் கதை முழுவதையும் சொன்னாள். கண்ணாடி, கீச் கீச், பொய்யான ஓகே, எல்லாம். ஜெயந்தி வாய்விட்டுச் சிரித்தாள். "ஜெர்மனிக்குப் போயி ஒரு அடுப்பு வாங்கத் தெரியாம இங்க வந்து நிக்கறியா? வா, எங்க ஊரு அடுப்பு எப்படி கீதுன்னு பாப்போம்."

அமுதா எழுந்தாள். கொடியில் கிடந்த பத்மாவின் துப்பட்டாவை எடுத்து, கண்ணை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அதை யாரும் சொல்லிச் செய்யவில்லை. இது வரப்போகிற நாள்தானே, இன்றைக்கே பார்த்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"ஐயோ அண்ணி, இன்னா வேல இது! கையி சுட்டுக்கினா?" என்று பத்மா பதறினாள்.

"வுடு பத்மா. ரசம் வைக்கப் போறேன். தக்காளி எங்க கீதுன்னு மட்டும் சொல்லு."

பத்மா பதற்றத்தில் அலுமினியக் குண்டானை எடுத்துக் கொடுத்தாள். அதை வைத்ததும் அடுப்பு கத்தியது. "காந்தம் ஒட்டற பாத்திரம் வேணும், மறந்துட்டேன்" என்று வேறொன்றைக் கொடுத்தாள். இந்த அடுப்பில் கண்ணாடியைத் தடவ வேண்டியதில்லை. முன்பக்கம் புடைத்துக்கொண்டிருக்கும் பொத்தான்கள், அழுத்தினால் டிக் என்று உள்ளே போய் வரும். அமுதா அவற்றை ஒருமுறை இடமிருந்து வலமாகத் தடவி மனதில் வாங்கிக்கொண்டாள். தக்காளியைக் கையால் பிசைந்தாள். புளி, பொடி, உப்பு. உப்பை உள்ளங்கையில் கொட்டி எடை பார்த்தாள். ரசம் நுரை கட்டுகிற நேரத்தை மூக்கால் பிடித்தாள்.

நான் வாசற்படியில் நின்றேன். உள்ளே போய் அவள் கையைப் பிடிக்க வேண்டும்போல் இருந்தது. "எம்மா, பாத்து" என்று வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். கூடத்தில் கைப்பேசியோடு உட்கார்ந்திருந்த தாரிணி எப்போது எழுந்து வந்தாள் என்று தெரியவில்லை. என் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அணைக்க வேண்டும். அமுதாவின் விரல் பழைய பழக்கத்தில் நீண்டது. கண் கட்டியிருக்கிறதே, எங்கே சுட்டுவது? விரல் அப்படியே காற்றில் நின்றது. பிறகு மெல்ல இறங்கி, தேடி, பொத்தானின் மேல் வந்து உட்கார்ந்தது. அழுத்தினாள். டிக். தலையைச் சாய்த்துக் கேட்டாள். பாத்திரத்துக்குள் கொதித்துக்கொண்டிருந்த சத்தம் அடங்கியது. பாத்திரத்தைத் துணியால் பிடித்து லேசாகத் தூக்கி, மறுபடி வைத்தாள்.

"தள்ளு, கேளு, இழு" என்றாள். கட்டிய கண்ணோடு ஜெயந்தி பக்கம் திரும்பினாள். "ஜெயந்தி, லைன்ல நாம எங்கடி கண்ணால பாத்தோம்? கனெக்டரு ஓட்ட பலகைக்குப் பின்னால இல்ல இருந்துது? கையும் காதும் தானே பாத்துது?"

"ஆமாண்டி" என்றாள் ஜெயந்தி. "நீ போன பிறகு வந்த புதுப் பொண்ணுங்களுக்கு இப்பவும் உன் பேரச் சொல்லித்தான் சொல்லித் தரேன். கண்ண மூடிகினு செருகுவா அமுதான்னு."

அமுதா மறுபடி பொத்தான் மேல் விரலை வைத்தாள். வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி, அந்தப் பழைய லைன் குரலில் சொன்னாள்.

"தொட்டேன். கேட்டேன். அடுப்பு ஆஃப், ஓகே!"

மாட்டைப் பார்க்கப் போகிறவன்போல் கொல்லைப் பக்கம் போய் நின்றேன். வெங்கடேசன் மாட்டை விற்று வெகுகாலம் ஆகிவிட்டது. அவளோடு இத்தனை காலம் வாழ்ந்திருக்கிறேன். விரலைத்தான் பார்த்தேனே தவிர, அந்த விரல் என்னவெல்லாம் தெரிந்து வைத்திருக்கிறது என்று பார்க்கவில்லை. ஒரகடம் சாலையில் ஓடுகிற ஒவ்வொரு கம்பெனி பஸ்ஸிலும் இப்படி எத்தனை கைகள் போய் வருகின்றன என்று நினைத்தபோது மலைப்பாக இருந்தது.

ரசம் நன்றாக இருந்தது. தாரிணி இரண்டு முறை வாங்கிக் குடித்தாள்.

ஊரை விட்டுக் கிளம்புமுன் ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவுக்குப் பாத்திரம் வாங்கப் போனோம். அமுதா கைப்பையில் இருந்து ஒரு காந்தத்தை எடுத்து ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் வைத்துப் பார்த்தாள். கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. "இன்னாம்மா, டூப்ளிகேட்டா விக்கறோம் நாங்க?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் அவரே ஏணி போட்டு ஏறி, மேல் தட்டில் இருந்த இட்லிப் பாத்திரத்தையெல்லாம் இறக்கி, காந்தத்தை வாங்கித் தானே ஒட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். ஒட்டாத பாத்திரத்தைப் பார்த்து அவருக்கு வந்த கோபத்தை, அதைச் செய்தவர் கேட்டிருக்க வேண்டும்.

6

திரும்பி வந்து அதே கடைக்குப் போனோம். சூட்டுக்கு இண்டக்‌ஷன், கைக்குக் குமிழ், காதுக்கு கிளிக் என்று எங்களுக்கு இப்போது தெளிவாகிவிட்டிருந்தது. அதே இளைஞர்தான். நான் விஷயத்தை விளக்கியதும் அவர் ஒரு காரியம் செய்தார். கண்ணை மூடிக்கொண்டு, தான் விற்கிற அந்தக் கண்ணாடி அடுப்பைத் தடவிப் பார்த்தார். வெகுநேரம் தடவினார். கண்ணைத் திறந்து, உங்கள் மனைவி சொல்வது சரி என்றார். உள்ளே போய்ப் பழைய விலைப்பட்டியல்களைக் கிளறி, குமிழ் வைத்த இண்டக்‌ஷன் ஒன்றைக் கண்டுபிடித்துத் தருவித்தார். அது வந்து சேர்ந்த அன்று அமுதா கடையில் குமிழைத் திருப்பி, காதைப் பக்கத்தில் கொண்டுபோனாள். எங்களைச் சுற்றி இருந்தவர்களிடம் அவர் உதட்டில் விரல் வைத்து அமைதி கேட்டார். கிளிக்.

"கேக்குது" என்றாள் அமுதா.

அதற்கு மேல் வழக்கமான ஜெர்மனிதான். வீட்டுக்காரரின் எழுத்துபூர்வ அனுமதி, அனுமதி கேட்டதற்கு ஓர் ஒப்புதல், பார்வைக் குறைபாட்டு அட்டைக்கு மனு. பார்வை எந்தத் தேதியில் இருந்து குறைந்தது என்று அந்த மனுவில் ஒரு கேள்வி இருந்தது. "நானே அன்னைக்குப் பாக்கலையே" என்றாள் அமுதா. பெரிய ரோபோக்களுக்கு மின் இணைப்பு கொடுப்பது என் தொழில். என் வீட்டு அடுப்புக்கு நான் ஒயர் கொடுக்கக் கூடாது, பதிவு பெற்றவர்தான் வர வேண்டும். அவருக்காகப் பல வாரம் காத்திருந்தோம். வந்தவர் வேலையை முடித்ததும், சரிபார்க்கிற முறையில் தானாகவே இணைப்பைச் சுட்டிக் காட்டித் தலையசைத்தார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

போன சனிக்கிழமை எனக்கு மதிய ஷிப்ட். தாரிணியின் தோழிகள் சைக்கிளோடு வாசலில் காத்திருந்தார்கள். உள்ளே அமுதா அடுப்பில் எதையோ தாளித்துக்கொண்டிருந்தாள். நானும் தாரிணியும் ஒரே நேரத்தில் வெளியே போவது புது வீட்டில் அதுதான் முதல் தடவை. நான் ஷூவைப் போட்டேன், பையை எடுத்தேன், பையைக் கீழே வைத்தேன், ஷூ கயிற்றை மறுபடி அவிழ்த்துக் கட்டினேன்.

தாரிணி என்னைப் பார்த்தாள். பிறகு வாசலில் நின்றவர்களைப் பார்த்தாள். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சமையலறையை நோக்கிக் கையை நேராக நீட்டி, உரத்த குரலில் தமிழில் சொன்னாள்.

"அம்மா தனியா, ஓகே!"

உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது. "எவ அவ, தொடாம ஓகே சொல்றது?"

தாரிணி ஷூ காலோடு உள்ளே ஓடினாள். மற்ற நாளாக இருந்தால் அதற்கே ஒரு சண்டை நடந்திருக்கும். அம்மாவின் பின்னால் போய், இரண்டு தோளிலும் கையை வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

"தொட்டாச்சு" என்றாள். "ஓகே."

நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.